இருபத்தேழாவது மரம்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு இடம் அளக்கப் போனேன்.

வீடு கட்ட அல்ல. ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம், அவ்வளவுதான் தேவை. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். பெட்டிப் பலகைக்கு ஆறு அங்குலம். குழி வெட்டுகிறவர்களின் கைத் தாராளத்துக்கு எட்டு அங்குலம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

வாசகர்களே, உடனே நலம் விசாரித்து எழுதிவிடாதீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஆனவனுக்கு இருக்க வேண்டியவை இருக்கின்றன; காலையில் மூன்று மாத்திரை, இரவில் இரண்டு. ஆனால் நவம்பர் நெருங்கினால் எங்கள் வேதக்காரர்களுக்கு வேறு யோசனை ஓடாது. இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். செத்தவர்களின் மேட்டைச் செதுக்கிப் பூ வைப்போம். மெழுகுவர்த்தி கொளுத்துவோம். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். அந்தக் கூட்டத்தில் நிற்கிற வயதானவர்கள் எல்லாருடைய மனதிலும் ஒரே கேள்விதான். அடுத்த வருஷம் நாம் மேலே நிற்போமா... கீழே கிடப்போமா?

அதனால்தான் திருநாளுக்கு முன்னதாகவே போனேன். கூட்டத்துக்கு நடுவில் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

எங்கள் தோட்டம் நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் இருபத்தைந்து நிமிஷம். அங்கே பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருஷம் கணக்குப் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். ஐந்தாம் நம்பர் மலையில் தேயிலை முடிகிற இடத்துக்கும் கீழே ஓடைக்கும் நடுவில் ஒரு நீளத் துண்டு நிலம். அதுதான் மயானம். அம்மன் கும்பிடுகிற கோயில்காரர், வேதக்காரர் எல்லாருக்கும் அது ஒன்றுதான். ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல். எங்களவர் என்றால் ஒரு மரச்சிலுவை. நான்கு மழைக்காலம் போனால் மேடும் தரையும் ஒன்றாகிவிடும்.

என் மனைவி பிலோமினா அங்கே போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள். தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இருபத்தாறு வருஷம் அங்கே வேலை செய்தாள். மொத்தம் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பாய் என்று ஒருதரம் கேட்டேன். எண்ணிக்கொண்டா இருந்தேன் என்று திருப்பிக் கேட்டாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குப் பொருத்தமே இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"என்னையத் தனியாப் போட்டுறாதீங்க. பக்கத்துல எடம் வச்சுக்கிட்டு வாங்க."

சரி என்றேன். நாற்பத்தொரு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டு வாங்கிய வாக்குகள் அதிகமில்லை. இது கடைசி.

வாக்குக் கொடுத்தவன் இடத்தை மறக்கலாமா? அடக்கம் முடிந்த மறுநாளே போய் எண்ணி வைத்துவிட்டேன். மலையின் மூலைக்கல்லிலிருந்து தேயிலையின் கடைசி வரிசை ஓரமாக நடக்க வேண்டும். இருபத்தேழாவது மரம் (தேயிலைச் செடியை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம்). அங்கிருந்து ஓடைப் பக்கம் திரும்பி ஆறு எட்டு வைக்க வேண்டும். முடிந்தது. சிலுவை விழலாம், மேடு கரையலாம். கணக்கு கரையுமா?

முதல் இரண்டு வருஷம் மாதம் தவறாமல் போனேன். பிறகு என் முழங்காலில் ஆபரேஷன். மகன் வத்தளையில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். நான் நினைத்தது மூன்று மாதம், ஆனது மூன்று வருஷம். திரும்பி வந்து பார்த்தால் மரச்சிலுவையைக் காணோம். மேட்டையும் காணோம், எல்லா இடத்திலும் இடுப்புயரத்துக்கு மானாப்புல். பழைய தேயிலையைக்கூடப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார்கள்.

நான் கலங்கவில்லை. மூலைக்கல் இருந்தது. இருபத்தேழு மரம் எண்ணினேன், திரும்பினேன், ஆறு எட்டு வைத்தேன். புல்லை வெட்டிப் பார்த்தால் ஒரு மேடு! கண்ணீர் வந்துவிட்டது. அந்த மாதமே நோர்வூட்டில் ஒரு மேசன்பாஸிடம் சொல்லி சீமெந்தில் சிலுவை செய்து கொண்டுவந்து நட்டேன்.

அதிலிருந்து ஏழு வருஷம். மாதத்தில் முதல் ஞாயிறு எனக்கு அங்கேதான். காய்ச்சலில் இரண்டு தடவை, மண்சரிவில் இரண்டு தடவை, ஊரடங்கில் ஒரு தடவை தவறியது. மீதி எழுபத்தொன்பது. ஒவ்வொரு தடவையும் இரண்டு மெழுகுவர்த்தியும் ஐம்பத்து மூன்று மணி செபமாலையும்.

சில மாதங்களில் நான் போகும்போது சிலுவையின் அடியில் சூடம் எரிந்த கறுப்பு இருக்கும். ஒரு தடவை எலுமிச்சம்பழம்கூட இருந்தது. என் மனைவிக்குக் கோயில்காரர்களும் சூடம் கொளுத்துகிறார்கள் என்று இதே பத்தியில் பெருமையாக எழுதியிருந்தேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதை இப்போது வெட்கத்தோடு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிலுவைக்கு இடது பக்கம் நாடா பிடித்து அளந்து, நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். மகன் வந்து தேடக்கூடாதல்லவா? கயிற்றைச் சுற்றும்போது மேலேயிருந்து ஒருவர் விறகுக் கட்டைத் தலையில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கொழுந்து பறிக்கிற லெட்சுமி. ஐம்பது வயதிருக்கும். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பிலோமினாவின் கையில் வளர்ந்தவர்கள்; மூத்தவனுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். லெட்சுமி விறகைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தார். குச்சிகளைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குத்தமா நெனச்சுக்காதீங்க மாஸ்டர். அந்தக் குச்சி நாலும் எங்கப்பா மேல நிக்குது."

அவருக்கு இடம் மாறிவிட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னேன்: இது என் மனைவி, இது பக்கத்து இடம், காலி இடம். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது செத்தவர்கள் எல்லாரும் உடம்போடு எழும்புவார்கள் என்பது எங்கள் விசுவாசம். ஆலைச் சங்கு ஊதினால் தோட்டம் எழும்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் எழும்ப வேண்டும்.

லெட்சுமி கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கு எங்கப்பாவ மிதிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கணுமா? அவரு கோவக்காரருங்க."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"மாஸ்டர், இது ஆயாம்மா இல்லீங்க. எங்கம்மா, காளியம்மா. நீங்க வத்தளையில இருந்தப்ப செத்துச்சு."

நான் உட்கார்ந்துவிட்டேன். ஈர மண்ணில்தான்.

இருக்கவே முடியாது என்றேன். எண்ணி வைத்திருக்கிறேன் என்றேன். மூலைக்கல்லிலிருந்து இருபத்தேழு மரம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எந்தத் தேயிலையில எண்ணுனீங்க? பழசுலயா, இதுலயா?"

பழசில் எண்ணியது இருபத்தேழு. இதில் எண்ணினாலும் இருபத்தேழுதானே?

"பழசு நாலடிக்கு ஒரு மரம் மாஸ்டர். இது வீ.பி. தேயிலை, நெருக்கமா நடுவாங்க. ரெண்டடிக்கு ஒண்ணு. நீங்க பாதி வழியிலயே நின்னுட்டீங்க."

வாசகர்களே, முப்பத்து நான்கு வருஷம் இந்த ஆள் கணக்குப் படிப்பித்தவன். இரண்டு மரங்களுக்கு நடுவில் உள்ள தூரம் தெரியாமல் மரத்தை எண்ணினால் என்ன பயன் என்று ஏழாம் வகுப்பில் நானே கரும்பலகையில் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் படியை மிதிக்காத கொழுந்துக்காரியைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பாள். தேயிலைக்கு நடுவில் ஆயுள் முழுவதும் இருந்துவிட்டு, பச்சையாக இருப்பதெல்லாம் தேயிலை என்று எண்ணிக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான்.

ஏழு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், கோபப்பட வேண்டியவர் அவர் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நான் சிலுவை நட்ட அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் அம்மாவைக் கும்பிட வந்தவர், அங்கே ஒரு சிலுவை நிற்பதைப் பார்த்திருக்கிறார். ஆத்திரத்தில் தோட்டத் தலைவரிடம் போய் முறையிடக் கிளம்பினாராம். மறுநாள் யோசித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். அதற்குள் ஒரு ஞாயிறு வந்தது. மேலே மலையிலிருந்து பார்த்தால், நான் நல்ல முழங்காலை ஊன்றி, மற்றதை நீட்டிக்கொண்டு, மழையில் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணன் ரெண்டு பேரும் கொழும்புக்குப் போயி வருசக்கணக்காச்சு. அம்மாவத் தேடி ஒரு ஆள் வர்றது இல்ல. யாரோ ஒருத்தர் வந்து வெளக்கு கொளுத்துறாங்க. புடுங்குன்னு எப்பிடிச் சொல்றது?"

சிலுவைக்கு முன்னாலேயே அவரும் சூடம் கொளுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஏழு வருஷமாக. மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டேன். மாஸ்டர் காளியம்மாவுக்கு ஏதோ வேண்டுதல் வைத்திருக்கிறார் என்று சிலர் சொன்னார்களாம். சிலர் வேறு மாதிரியும் பேசிக்கொண்டார்களாம். எழுபத்தெட்டு வயதில், நேரில் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒரு பெண்ணோடு என் பெயர் அடிபட்டிருக்கிறது. பிலோமினா இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்பது தடவை, ஐம்பத்து மூன்று மணி. நாலாயிரத்து நூற்று எண்பத்தேழு மங்கள வார்த்தைச் செபம். பிலோமினாவின் ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்தால் சீக்கிரம் கரையேறட்டும் என்று சொன்னது அத்தனையும், மாரியம்மனுக்குத் தீ மிதித்த காளியம்மாவின் தலைமாட்டில் போய் விழுந்திருக்கிறது. அந்த அம்மா எந்த வாசலில் நிற்கிறாரோ தெரியாது. அங்கே உள்ளவர்கள் அவரைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? இந்த அம்மாவுக்காக மாதாவிடம் இத்தனை ஆயிரம் தடவை ஒருவன் கெஞ்சியிருக்கிறானே, யாரவன் என்று கேட்டால்?

வகுப்பில் சில பிள்ளைகள் நான்காம் கேள்விக்கு உரிய விடையை ஐந்து என்று இலக்கம் போட்டு எழுதி வைத்துவிடுவார்கள். விடை சரியாக இருக்கும். முப்பத்து நான்கு வருஷம் நான் அதற்குப் பூச்சியம்தான் போட்டேன். இலக்கம் தப்பினால் எல்லாம் தப்பு என்பேன். ஒரு பிள்ளைகூடச் சண்டைக்கு வரவில்லை, அழுதுவிட்டுப் போய்விடும்.

ஆண்டவர் என்னைப் போல விடைத்தாள் திருத்துகிறவராக இருக்கக்கூடாது என்று அந்த மண்ணில் உட்கார்ந்து மனதார வேண்டிக்கொண்டேன்.

ஆனால் செபம் எங்கே போனது என்பது இரண்டாவது கவலை. முதல் கவலை வேறு. தனியாகப் போட்டுவிடாதீர்கள் என்றாளே... ஏழு வருஷமாக அவள் எங்கே கிடக்கிறாள்?

எழுந்தேன். புதுத் தேயிலையில் ஐம்பத்து நான்காவது மரம். கணக்கு அப்படித்தான் வரும். லெட்சுமி கூட வந்தார். எண்ணிக்கொண்டே போய் ஐம்பத்து நான்கில் திரும்பி, ஆறு எட்டு வைத்தேன். புல்தான். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. காலால் தட்டிப் பார்த்தேன், குனிந்து தடவிப் பார்த்தேன். சாரல் பிடிக்கத் தொடங்கியது. அந்த இடத்தில் யாரையும் புதைத்ததற்கு அடையாளமே இல்லை.

லெட்சுமி அங்கே நிற்கவில்லை. எண்ணாமல் கொள்ளாமல் இன்னும் கொஞ்சத் தூரம் நடந்து போய், ஒரு பெரிய கல்லுக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினார்.

"இங்கிட்டு வாங்க."

போனேன், எண்ணிக்கொண்டுதான் போனேன். அறுபத்திரண்டாவது மரம். எட்டு மரம் வித்தியாசம் வருகிறதே என்றேன். கணக்குப்படி அங்கேதான் இருக்க வேண்டும், இங்கே இருக்க முடியாது என்று வாதாடினேன்.

"பழைய மலையில நடு நடுவுல மரம் செத்துக் கெடந்துச்சே. அதையும் சேத்தா எண்ணுனீங்க?"

இல்லை.

செத்த மரத்தை யார் எண்ணுவார்? பச்சையாக நின்றதை மட்டும்தான் எண்ணினேன். எட்டுப் புது மரம் என்றால் பதினாறு அடி. பதினாறு அடி என்றால் பழைய கணக்கில் நான்கு மரம். நடுவில் நான்கு மரம் பட்டுப்போயிருந்திருக்கிறது. நான் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன். மனைவியைப் புதைத்த மறுநாள், செத்தவையெல்லாம் கணக்கில் சேராது என்று முடிவு செய்துகொண்டு நடந்திருக்கிறேன். மோட்சத்தை நம்புகிறவன் செய்கிற காரியமா அது?

கல்லுக்குக் கீழே புல்லுக்குள் மண் கொஞ்சம் அமுங்கியிருந்தது. உனக்கு எப்படித் தெரியும் என்று லெட்சுமியைக் கேட்டேன். அடக்கத்தன்று அவர் இந்தக் கல்லின் மேல் ஏறித்தான் நின்றாராம். அவர் குள்ளம், முன்னால் நின்றவர்கள் மறைத்தார்கள். பெட்டி இறங்குவதைப் பார்க்க வேறு வழியில்லை.

நிச்சயமா என்று கேட்டேன். நிச்சயம் என்றார். வேறு கல்லாக இருக்காதே என்றேன். இல்லை என்றார். மூன்றாவது தடவையும் கேட்டபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மாஸ்டர், இந்தக் கல்லுக்குப் பேரே ஆயாம்மா கல்லுதான். கொழுந்துக்கு வர்ற பொம்பளைங்க யாரையும் கேளுங்க. இந்த மலைக்கு முறை வர்ற அன்னைக்கு இதுலதான் உக்காந்து தேத்தண்ணி குடிப்போம். அம்புட்டுப் பேரும் புள்ளையக் குடுத்துட்டுப் போனவங்க. பேசுறதெல்லாம் அது காதுல விழுகட்டும்னுதான் பேசுவோம்."

சாரல் மழையாகிவிட்டது.

ஐந்தாம் நம்பர் மலைக்குக் கொழுந்து முறை ஏழெட்டு நாளுக்கு ஒருதரம் வரும். ஏழு வருஷத்துக்கு... முந்நூறுக்கு மேலே. என் எழுபத்தொன்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தனியாகப் போட்டுவிட்டேனோ என்று நான் பயந்த அந்த ஏழு வருஷமும் பிலோமினாவைச் சுற்றிக் கொழுந்துக் கூடைகளும் தேநீர்ப் போத்தல்களும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சும். யாருடைய மகன் கடைக்கு வேலைக்குப் போனான், யாருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் போய்ச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? சீனி எத்தனை, பிரஷர் எத்தனை.

திரும்பும்போது காளியம்மாவின் மேட்டருகே நின்றோம். நான் நட்ட குச்சிகளைப் பிடுங்கி எறிந்தேன். லெட்சுமியின் அப்பாவிடம் கையெடுத்து மன்னிப்பும் கேட்டேன். சிலுவையை ஆள் வைத்துக் கழற்றி நாளைக்கே கொண்டுபோய்விடுகிறேன் என்றேன். லெட்சுமி சிலுவையில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்துவிட்டார்.

"இருக்கட்டுங்க. ஏழு வருசமாச்சு. அம்மாவுக்குப் பழகியிருக்கும்."

இன்னும் ஒன்று சொன்னார். இடம் தெரிந்துவிட்டதென்று இங்கே மெழுகுவர்த்தியை நிறுத்திவிட வேண்டாம், போகிற வழியில் ஒன்றை இங்கேயும் கொளுத்திவிட்டுப் போங்கள் என்றார். சரி என்றேன். ஆக, இனி மாதம் மூன்று மெழுகுவர்த்தி.

திங்கட்கிழமை பங்குக் கோயிலுக்குப் போய் ஃபாதரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவருக்கு முப்பத்தொரு வயது. ஏற்கெனவே என்னால் தொந்தரவுபட்டவர். உயிர்த்தெழும்போது அறுபத்தொரு வயதில் போன பிலோமினாவும் எண்பதை நெருங்கும் நானும் அப்படியே எழும்புவோமா, வயது சரிக்கட்டப்படுமா, எனக்கு இல்லாத ஆறு பற்கள் திரும்பி வருமா என்றெல்லாம் போன தவக்காலத்தில் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை செபங்களைப் பற்றி மட்டும் கேட்டேன். இடம் மாறிப் போனவை செல்லுமா?

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். செபம் மண்ணுக்குள் இறங்குவதில்லை, மேலேதான் போகிறது மாஸ்டர் என்றார். உங்கள் மனைவிக்கும் போயிருக்கும், அந்த அம்மாவுக்கும் போயிருக்கும், பங்கு போட்டால் குறைகிற சாமானா அது என்றும் கேட்டார்.

நல்ல பதில்தான். ஆனால் எனக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. அதை அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. லெட்சுமி சொல்வது சரிதானா? ஒரு பெண் கல்லில் ஏறி நின்று பார்த்ததை வைத்துக்கொண்டு, என் கடைசி இடத்தைத் தீர்மானிக்கலாமா? கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் என்ன? தோட்டத்துப் பழைய வரைபடத்தைக் கேட்டுப் பார்த்தால் என்ன?

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. உயிர்த்த ஞாயிறு விடியற்காலையில் இயேசுவின் கல்லறைக்கு முதலில் போனவர்கள் யார்? பெண்கள். அவர் உயிர்த்துவிட்டார் என்று ஓடி வந்து சொன்னார்கள். வீட்டுக்குள் இருந்த ஆண் சீடர்கள் நம்பவில்லை, ஏதோ பிதற்றுகிறார்கள் என்றார்கள். அன்றைக்கு அந்தப் பெண்கள் கண்டதைத்தானே இத்தனை காலமாக நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோம்? அந்தக் காலைக்கு நான் சாட்சியில்லை, அளந்தும் பார்க்கவில்லை. அதை நம்பி எழுபத்தெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். கண்ணெதிரே நிற்கிற லெட்சுமி ஒரு கல்லைக் காட்டினால் மட்டும் எனக்கு நாடா வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் செய்தேன். அம்மா கிடக்கிற இடம் வேறு, எனக்கான இடத்தையும் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். மூலைக்கல்லிலிருந்து எத்தனை அடி என்று கேட்டான்.

அளக்கவில்லை என்றேன்.

எத்தனையாவது மரம் என்றாவது சொல்லுங்கள் என்றான். மரத்தை விடு, லெட்சுமிக்குத் தெரியும் என்றேன். சுகமாக இருக்கிறீர்களா அப்பா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசலில் வந்து நிற்கிறான். லீவு போட்டுவிட்டு வந்தானாம். அப்பா அளக்கவில்லை என்றால் தலையில் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டானாம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தான். நல்லது, வந்ததும் வந்தாய் என்று கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மலையில் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லெட்சுமியும் வந்து சேர்ந்தார்.

லெட்சுமி முன்னால் நடந்தார். நடுவில் நான். பின்னால் மகன். காளியம்மாவின் மேட்டில் ஒன்று கொளுத்தினோம். ஆயாம்மா கல்லருகே இரண்டு. கல்லுக்குக் கீழே, அமுங்கிய மண்ணுக்கு இடது பக்கத்தில், ஒரு ஆள் படுக்கத் தாராளமாக இடம் இருந்தது. லெட்சுமி தன் கத்தியால் அந்த இடத்துப் புல்லை வெட்டிக்கொடுத்தார். இது யார் மேலாவது நிற்கிறதா என்று கேட்டேன். தாராளமாகப் படுக்கலாம் என்றார்.

மகன் தன் தாயின் தலைமாட்டில் வெகுநேரம் குனிந்து நின்றான். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்திருக்கிறான். அழுதான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

திரும்பி வரும்போது வரிசை ஓரமாகவே நடந்தோம். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தாய்க்காகச் செபம் சொல்லிக்கொண்டு வருகிறான் என்று எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. வேகத்தைக் குறைத்துக் காதைக் கொடுத்தேன்.

நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது...